கண்ணைத் திறங்க மிஸ்

கண்ணை மூடச் சொன்னார், மூடிவிட்டேன். சொன்னதைச் செய்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மேடையில் நிற்கிறவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் பயிற்சியாளர், அருண்பிரகாஷ் என்று பெயர் சொன்னார்கள். காதில் மாட்டி வாய் வரைக்கும் வளைந்து வருகிற மைக் ஒன்று வைத்திருக்கிறார், அதனால் அவர் எச்சில் விழுங்குவதுகூட ஸ்பீக்கரில் கேட்கிறது. “மை டியர் டீச்சர்ஸ், தோளைத் தளர்த்துங்க, தாடையைத் தளர்த்துங்க, இந்த நிமிஷம் உங்களுக்கு எந்த வேலையும் கிடையாது.” கிடையாதாம். ஊறவைத்த துணியை வாளியிலேயே விட்டுவிட்டு, பாலைப் பாதி கொதியில் இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், எனக்கு எந்த வேலையும் கிடையாது என்று ஒருத்தர் சொல்கிறார். வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு கழிக்கப்படும் என்று வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள், கூடவே ஒரு தாமரைப்பூ படமும். களைத்துப்போன டீச்சர்களுக்கு ஓய்வு எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, அவர்களுக்கு இருக்கிற ஒரே ஓய்வு நாளைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை எந்த மண்டையில் உதித்ததோ, அந்த மண்டைக்கு ஒரு கும்பிடு. ‘களைப்பிலிருந்து களிப்புக்கு’ என்று மேடைக்குப் பின்னால் பேனர். எழுத்தைவிடத் தாளாளர் படம் பெரிது. கண்ணை மூடிய பிறகும் இமைக்குள் அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், “ஏம்புள்ள, ஞாயித்துக்கெழமைக்கு லீவு உட்டா உங்க பள்ளிக்கோடம் இடிஞ்சு உழுந்துருமா?” சிரித்துவிட்டு வந்தேன். சிரித்திருக்கக் கூடாது. வாசலிலேயே பிரின்சிபால் மேடம் பிடித்துக்கொண்டார், பவுடர் வாசனையும் அன்பும் ஒன்றாக வந்தன. “ஏனுங் கோகிலா மிஸ், ஏப்ரல் கேம்ப்புக்கு உங்களத்தான் நம்பியிருக்கறோம். மத்தியானச் சோத்துக்கு முன்னால சரின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, பேரன்ட்ஸுக்கு மெசேஜ் அனுப்போணும்.” சரின்னு ஒரு வார்த்தை. பதிலை அவரே கையோடு கொண்டுவந்துவிட்டார், அதைச் சொல்ல என் வாய்தான் வேண்டுமாம். நல்ல வேளை, உள்ளே மைக் கீச்சென்று கத்தியதால் வாய் திறப்பதற்குள் எல்லோரும் ஓடினோம். இல்லையென்றால் அப்போதே சொல்லியிருப்பேன். என் வாய் என்னைக் கேட்காது.

“நம்ம மனசு ஒரு போன் பேட்டரி மாதிரி,” என்கிறார் அருண்பிரகாஷ். வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் ஹெலன் மிஸ் மூக்கால் சிரிக்கிறாள். நான் பாட்டனி, அவள் ஃபிசிக்ஸ், நாசரேத்திலிருந்து இந்த நாமக்கல் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இத்தனை வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. “பேட்டரி போச்சுன்னா கடைக்காரன் புதுசு மாத்திருவாம்லா, நம்மளயும் அதத்தாம் செய்வானுவ,” என்று உதடு அசையாமல் சொல்கிறாள். சிரிப்பு வரவேண்டிய இடம். வயிற்றிலிருந்து கிளம்புகிறது, தொண்டைக்கு வருவதற்குள் எங்கேயோ இறங்கிப் போய்விடுகிறது. இப்போதெல்லாம் அப்படித்தான், எல்லாமே பாதி வழியில் இறங்கிப் போய்விடுகின்றன. பேட்டரியாம். போனைச் சார்ஜில் போட்டால் எடுக்காதே, ஏறட்டும் என்று வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் அதட்டுகிறோம். என்னைப் பற்றி அப்படி யார் அதட்டினார்கள்? சிவப்புக் கோடு வந்த போனை யாரும் நீ சோம்பேறி என்று சொன்னதில்லை, மனசு வைத்தால் முடியும் என்று கை தட்டி உற்சாகப்படுத்தியதும் இல்லை. அதற்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையே. இதை எழுந்து நின்று கேட்கலாம். கையைத் தூக்கி, சார் ஒரு டவுட் என்று ஆரம்பிக்கலாம். கேட்கமாட்டேன். இருபது வருஷமாக அடுத்தவர்களை வாயை மூடச் சொல்லிச் சொல்லி, என் வாய்தான் நன்றாகப் பழகிவிட்டது. சரிங்க மேடம். அதற்கு மட்டும் திறக்கும். பொங்கலுக்கு முதல் நாள் வரமுடியுமா, சரிங்க மேடம். தமிழ் மிஸ் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், அவர் கிளாஸையும் பார்த்துக்கொள்கிறீர்களா, சரிங்க மேடம். தமிழ் கிளாஸுக்குப் பாட்டனி டீச்சர் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளாஸில் யாராவது நிற்க வேண்டும், நின்றேன். வியாழக்கிழமையும் அப்படி நிற்கப் போய்த்தான். வேண்டாம், வியாழக்கிழமையை இப்போது எடுக்க வேண்டாம்.

“மூச்சை உள்ள இழுங்க, நல்லா ஆழமா, வயிறு வரைக்கும்.” இழுத்தேன். ஃபினாயில், பக்கத்து நாற்காலியிலிருந்து மல்லிகைப்பூ, தூரத்தில் ஹாஸ்டல் சமையல்கட்டில் பருப்பு வேகிற வாசனை. ஹாஸ்டல் பெண்களுக்கும் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான், அவர்களுக்கும் காலையிலிருந்து டெஸ்ட். பருப்பு வாசனை எனக்குப் பிடிக்கும், பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியாக எனக்குப் பசி எடுத்தது எப்போது? யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. மத்தியான மணி அடிக்கும், டப்பாவைத் திறப்பேன், வாய் மெல்லும், டப்பா காலியாகும். லீவு நாளில் மணி அடிப்பதில்லை, இவர் தட்டைப் போட்டு உட்கார் என்று சொன்னால்தான் உட்காருகிறேன். இதை டாக்டரிடம் சொன்னேன். ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ரெஸ்ட்டை எந்தக் கடையில் வாங்குவது என்று எழுதவில்லை. அன்றைக்கு அப்படியே சந்தைக்குப் போனேன், எப்போதும் வாங்குகிற அம்மாவிடம்தான். “ஏனுங் டீச்சர், தக்காளிங்களா கத்திரிக்காயிங்களா, எதுங் போடட்டும்?” என்று தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டது. தக்காளியா கத்திரிக்காயா. எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பெரிய கேள்வியா அது? நின்றேன், பின்னால் ஆள் சேர்ந்தது, தக்காளியைப் பார்த்தேன், கத்திரிக்காயைப் பார்த்தேன், கண்ணில் மளமளவென்று தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கினால்கூட அப்படி வராது. அந்த அம்மா பயந்துபோய் இரண்டையும் அள்ளிப் பையில் போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கதவு பத்தடிதான், அந்தப் பத்தடியை நடக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. என் பெண் இலக்கியா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் போல, ராத்திரி தட்டு கழுவும்போது சொன்னாள், “அம்மா, நீ வீட்டுக்கு வந்துட்டும் வராமயே இருக்கற.” நான் என்ன செய்தேன்? வாக்கியத்தை ஒழுங்காகப் பேசு என்றேன். திருத்தினேன். பெற்ற பெண் அழாத குறையாகச் சொல்கிறாள், நான் இலக்கணம் பார்த்தேன். அவள் தட்டை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூச்சை வெளியே விடச் சொல்கிறார். விட்டேன் சார், அது எப்போதோ விட்டாயிற்று.

“இப்ப உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு இடத்துக்குப் போறீங்க. கடற்கரை, மலை, அருவி, எதுவா வேணா இருக்கலாம்.” அருவி என்றால் கொல்லிமலைதான். எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு வருஷ டூருக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள், ஒரு தடவைகூட அருவியைப் பார்த்ததில்லை. தலைகளைத்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் போன தலை, வெளியே வந்த தலை, படியில் வழுக்குகிற தலை, எண்ணி எண்ணி, ஒன்று குறைந்து நெஞ்சு நின்றுபோய், பிறகு அது என் பின்னாலேயே ஐஸ் தின்றுகொண்டிருக்கும். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு அருவிக்குப் போனால் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். கடற்கரைக்குப் போகலாம். வேண்டாம், அலை பார்த்தால் அதைவிட பயம். மனசு தானாக ஓர் இடத்துக்குப் போகிறது, நான் கூப்பிடவில்லை, ஹாஸ்டல் ஹாலுக்குப் போய் நிற்கிறது. போன ஏப்ரல். கேம்ப் என்று பெயர்தான், கூடாரமும் கிடையாது ஒன்றும் கிடையாது, கோடை விடுமுறை முழுக்கப் பதினொன்றாம் வகுப்புப் பெண்களை ஹாஸ்டலில் வைத்து டாக்டர் சீட்டுக்குத் தயார் செய்வது. பகலெல்லாம் பாடம், படுக்கையும் அவர்களோடு அங்கேயே. விடியுமுன் நான்தான் டியூப்லைட் சுவிட்சைப் போட வேண்டும். ஸ்கேலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் அந்தப் பெண்கள் முகம் போகிற போக்கு இருக்கிறதே. ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, கண் திறக்காமலே, தலைமாட்டில் இருந்த புத்தகத்தைத் தடவி எடுத்து மடியில் விரித்தாள். தலைகீழாக விரித்தாள். நான் அதை நேராகத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். படுத்துக்கோ கண்ணு என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கில் அந்த வார்த்தைதான் இருந்தது. ஆனால் வராந்தாவில் பிரின்சிபால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது, ஸ்கேல் என்னைக் கேட்காமல் கம்பியைத் தட்டியது. நல்ல இடத்துக்குத்தான் கூட்டிவந்தீர்கள் சார். அருவியிலேயே விட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை. சரி, வந்து தொலை. வராமல் விடப்போவதில்லை. இரண்டாவது பீரியட் பதினொன்று பி-யில் எனக்கு ஸ்டொமேட்டா. இலைத்துளை, இலை மூச்சு விடுகிற வாசல். அந்தப் பாடம் எனக்குப் பிரியமான பாடம், புத்தகமே வேண்டாம். போர்டில் இரண்டு அவரைக்கொட்டை எதிரெதிராக வரைவேன், அதுதான் காப்பு செல்கள், நடுவில் ஒரு சந்து. “இவங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன், வயிறு நிறைஞ்சா கதவத் திறப்பாங்க, காஞ்சா மூடிருவாங்க, நம்ம கேட் வாட்ச்மேனுக்கு நேர் எதிர்,” என்று ஒரு ஜோக், வருஷா வருஷம் அதே ஜோக், சிரிப்பார்கள். முடிந்தது. அப்புறம் இங்கிலீஷ் மிஸ் வரவில்லை என்று ஸ்டாஃப் ரூம் போர்டில் என் பெயரைச் சாக்பீஸால் எழுதியிருந்தது. எந்த கிளாஸுக்கு யார் வரவில்லை என்றாலும் அங்கே என் பெயர்தான் இருக்கும், அழிப்பது வீண் என்று ஹெலன் சொல்வாள். மத்தியானம் போனேன், உள்ளே நுழைந்தேன், குட் ஆஃப்டர்நூன் மிஸ், உட்காருங்க, சாக்பீஸை எடுத்தேன், இரண்டு அவரைக்கொட்டை வரைந்தேன். அதே பதினொன்று பி. அதே பெண்கள். காலையில் நடத்திய அதே பாடம். எனக்குத் தெரியவில்லை. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் நடத்தினேன், வாட்ச்மேன் ஜோக் சொன்னேன், சிரித்தார்கள்கூட. ஒருத்தியும் மிஸ் என்று கை தூக்கவில்லை. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கவனித்தேன், ஒரு நோட்டும் திறந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை விரித்து, கோயிலில் உட்கார்ந்திருப்பது போல அத்தனை பேரும் அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் மதுமிதா ஓடிவந்தாள், நான் விட்டுவந்த டஸ்டரை நீட்டிக்கொண்டு. “மிஸ், இது காலைலயே எடுத்துட்டீங்க மிஸ்.” ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. “நீங்க நல்லா எடுத்துட்டு இருந்தீங்க மிஸ், சொன்னா சங்கடப்படுவீங்கன்னு…” என்று இழுத்துவிட்டு, ஏதோ நல்லது சொல்லித் தேற்றவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, “எங்களுக்கும் ரெஸ்ட்டா இருந்துச்சுங் மிஸ்,” என்றாள்.

நாலு நாளாக இதை வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறேன். முதலில் அவமானம். பதினாறு வயசுப் பெண்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார்கள், பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அப்புறம் பயம். இன்றைக்குப் பாடத்தை மறந்தேன், நாளைக்குக் கேஸை மறப்பேன், கேட்டை மறப்பேன், இலக்கியாவை எங்கேயாவது நிறுத்திவிட்டு மறந்துபோவேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை நான் உணரவே இல்லை என்பது. பிரியமான பாடம் இரண்டு தடவை என் வாய் வழியாக வெளியே போனது, என்னைத் தொடாமலே போனது. ரியோ என்ற தொட்டிச்செடியின் இலையை மடக்கி உடைத்து, அடிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த அந்த முதல் நாள், கல்லூரியில், நான் கத்தியே விட்டேன். இவ்வளவு வாசலா ஓர் இலையில்! அந்தக் கத்தலுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். போன மாதம் லேபைத் திறந்து, தூசி தட்டி, எனக்கு மட்டும் ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். வாசல்கள் இருந்தன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் பில்லைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் பயம். உடம்பு களைத்தால் படுத்து எழலாம், ஆசை போய்விட்டால் எதைப் போட்டு அதைத் திரும்பக் கூப்பிடுவது? இன்னொரு ஏப்ரலுக்குப் போனால் அது திரும்பி வராது. அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, வேறு எதுவும் நிச்சயமாகத் தெரியாத இந்த நாட்களில் அது ஒன்று மட்டும் தெரிகிறது. போய் நின்றால் ஸ்கேலும் சுவிட்சும்தான் மிச்சம் இருக்கும், கோகிலவாணி இருக்கமாட்டாள்.

“உங்க உடம்புக்கு நன்றி சொல்லுங்க, உங்க கால்களுக்கு நன்றி, உங்க தோள்களுக்கு நன்றி.” சொல்கிறேன் சார், குறுக்கே பேசாதீர்கள், இப்போதுதான் ஏதோ பிடிபடுகிறது. ரெஸ்ட்டா இருந்துச்சுங் மிஸ். அவள் என்னைத் தேற்றவில்லை. அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு கண்ணை விரித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டோடு எழுந்து, இருட்டோடு படுக்கிற பெண்கள், புதிதாக ஒன்றும் வராது என்று தெரிந்த ஒரு பீரியட் கிடைத்ததும் அதில் சாய்ந்துகொண்டார்கள். எழுதவேண்டியதில்லை, கேள்வி வராது, தெரிந்த ஜோக் வரும், சிரிக்கவும் கஷ்டப்பட வேண்டாம். கண்ணைத் திறந்துவைத்தே தூங்கப் பழகியிருக்கிறார்கள். நானும் எதிரே நின்று கண்ணைத் திறந்துவைத்தே தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கிளாஸ் ரூம் நிறைய இத்தனை பேர் தூங்குகிறோம், ஒருத்தரும் கண்ணை மூட முடியவில்லை! இதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? நாலு நாளாக என்னையே தின்றுகொண்டிருந்தேனே, எதற்கு? என் பெயரைச் சாக்பீஸால் எழுதிய கை வெட்கப்பட்டதா? ஓர் இலைக்கே உச்சி வெயிலில் இருக்கிற உரிமையை நான்தானே வருஷா வருஷம் போர்டில் வரைந்து காட்டுகிறேன். தண்ணீர் போதவில்லை என்றால் காப்பு செல்கள் தளர்ந்துபோகும், தளர்ந்தால் சந்து மூடிக்கொள்ளும். அதற்குத் தைரியம் வேண்டாம், யோசனை வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். தளர்ச்சிதான் கதவை மூடுகிறது. வெயில் என்ன உத்தரவு போட்டாலும் மத்தியானம் இலை திறக்காது. அதைச் சோம்பல் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை, செடி பிழைக்கிற வழி என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டு மார்க் கேள்வி அது. ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், எனக்கு நான் சொல்லவில்லை. இமை கனமாக இருக்கிறது. எவ்வளவு நாளாயிற்று, பகல் வெளிச்சத்தில் நான் கண்ணை மூடி? நல்லா இருக்கிறது. பேட்டரியும் வேண்டாம், களிப்பும் வேண்டாம், இந்த இருட்டு நன்றாக இருக்கிறது.

“இப்ப மூணு வரைக்கும் எண்ணுவேன், மெதுவா, சிரிச்ச முகத்தோட, கண்ணைத் திறக்கறீங்க. ஒண்ணு.” நாற்காலிகள் அசைகின்றன. “ரெண்டு.” யாரோ கொட்டாவி விடுகிறார்கள். “மூணு!” ஹால் முழுக்கப் புடவைகள் சரசரக்கின்றன. ‘நான் சக்தி’ என்று எல்லோரையும் கத்தச் சொல்கிறார், கத்துகிறார்கள், கை தட்டுகிறார்கள். நான் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று நினைத்துச் செய்யவில்லை, இமை எழவில்லை, எழாமல் இருந்ததும் விட்டுவிட்டேன். “ஏ கோகிலா, முடிஞ்சிட்டுட்டி,” என்று ஹெலன் முழங்கையால் இடிக்கிறாள். தெரியும் ஹெலன். பயிற்சியாளர் பார்த்துவிட்டார், குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. “பாருங்க, இந்த மேடம் எவ்வளவு ஆழத்துக்குப் போயிட்டாங்க பாருங்க! இதுதான் ரிசல்ட்!” என்று படியிறங்கி என்னை நோக்கி வருகிறார், ஷூ சத்தம் வந்து என் முன்னால் நிற்கிறது. கூடவே வேறொரு சத்தம், எனக்குத் தெரிந்த செருப்பு, வராந்தாவில் கேட்ட அதே செருப்பு, பிறகு பவுடர் வாசனை. “கோகிலா மிஸ்,” என்றார் பிரின்சிபால் மேடம் தணிந்த குரலில். “ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“அப்பறமென்னங்க, கண்ணைத் திறங்க மிஸ். எல்லாரும் பாக்கறாங்க.”

வந்தது. சரிங்க என்பது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பைத் தாண்டி, தொண்டைக்கு வந்து, நாக்கு அதற்காக எழுந்து மேலே ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எத்தனையோ நல்லது பாதி வழியில் இறங்கிப் போயிருக்கிறது, நீயும் இறங்கு. அது கொஞ்ச நேரம் நின்று பார்த்தது, பிறகு இறங்கியது. பயமாக இருந்தது. வேலை போகலாம். என்னை வைத்து நாளைக்கே ஸ்டாஃப் ரூமில் கதை கட்டலாம். நெஞ்சு அடித்துக்கொண்டது, அடித்துக்கொள்கிறதே, உயிரோடுதான் இருக்கிறேன் என்று அதற்கும் ஒரு சந்தோஷம்.

“ஏப்ரலுக்கு நான் வரலீங்க மேடம்,” என்றேன்.

ஹால் முழுக்க என் குரல் கேட்டது. பயிற்சியாளர் என் மூச்சைக் கவனிக்கக் குனிந்து நின்றிருந்தார் போல, அவர் வாயோரத்து மைக் என் வாயோரத்தில் இருந்திருக்கிறது. நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கரிலிருந்து, ஏப்ரலுக்கு நான் வரலீங்க மேடம் என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள். நல்ல குரல். கிளாஸில் பேசிப் பேசிக் கனத்துப்போன குரல், பின் பெஞ்சு வரைக்கும் போகிற குரல்.

“அதயெல்லாம் ரூம்ல வந்து பேசிக்கலாமுங்க,” என்று மேடம் சொன்னதும் மைக்கில் விழுந்தது. பயிற்சியாளர் பதறிப்போய் விலகினார், எதையோ தட்டினார், டப் டப் என்று சத்தம் வந்து ஸ்பீக்கர் செத்தது. மைக் இல்லாமலே சொன்னேன், அதற்கு எனக்கு மைக் தேவையில்லை. “ரூம்ல பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க மேடம். என்னால முடியாதுங்க. அந்தப் புள்ளைங்களாலயும் முடியாதுங்க. வியாழக்கெழமை ஒரே பாடத்த ரெண்டு தடவ எடுத்தேன், ஒருத்தரும் சொல்லலீங்க. அவங்க தூங்கோணும். நானும் தூங்கோணும்.”

கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் ஒருவேளை பயந்திருப்பேன், மேடத்தின் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சரிங்க வந்துவிடும். மூடின கண்ணுக்கு முகமே கிடையாது, குரல் மட்டும்தான்.

“மொதல்ல கண்ணைத் திறங்க மிஸ்,” என்றார் மறுபடி. இந்தத் தடவை அதில் அன்பு இல்லை, அதிகாரமும் முழுசாக இல்லை.

“திறக்கறேனுங்க மேடம். இப்ப இல்லீங்க.”

செருப்பு திரும்பியது, போனது, கதவருகே யாரிடமோ தாளாளருக்குப் போன் போடச் சொன்னது காதில் விழுந்தது. போடட்டும். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது, எழுந்துவிட்டிருந்த ஹெலன் மறுபடி உட்கார்ந்து, கைப்பையைத் தரையில் வைத்து, கால்களை நீட்டிச் சாய்ந்தாள். “நல்ல வெளிச்சம்ட்டி, கண்ணு கூசுது,” என்றாள். முன்வரிசையில் இன்னொரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரென்று தெரியவில்லை.

சமையல்கட்டில் கடுகு வெடிக்கிற சத்தம். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கைத் தொட்டது, தொட்டதோடு நிற்கவில்லை, தொண்டைக்குள் இறங்கியது, இன்னும் கீழே போனது. வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. முதலில் பயந்துவிட்டேன், என்னவென்று அடையாளம் தெரியவில்லை. பிறகு வாயில் எச்சில் ஊறியது. இன்னும் மணி அடிக்கவில்லை, இன்றைக்கு அடிக்கவும் போவதில்லை. எனக்குப் பசித்தது.